ஹால் டிக்கெட்டும் இடது கால் ஷூவும்

விடுதி வாசலுக்கு வந்த பிறகுதான், எதற்கெடுத்தாலும் கணக்குப் போட்டு 'சூத்திரம்' என்று பட்டப்பெயர் வாங்கியவளுக்கு ஹால் டிக்கெட் ஞாபகம் வந்தது. அது மூன்றாம் மாடி அறையில், மேசைமேல் கிடந்தது. இயற்பியலில் போன தடவையே கோட்டை விட்டவள். இந்தத் தடவையும் தேறாவிட்டால் ஒரு வருடம் போச்சு. கல்லூரி பஸ் வேறு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரே ஓட்டமாக ஓடி எடுத்து வந்திருக்கலாம். இரண்டு நாளாக எறிபொருள் கணக்கையே மென்று தின்றவளுக்குப் படியேறவா தோன்றும்? அண்ணாந்து ஒரு கத்து கத்தினாள். கால் முறிந்து அறையில் கிடந்த தோழி, விடுதியே 'மாவுக்கட்டு' என்று கூப்பிடுகிறவள், டிக்கெட்டோடு நொண்டி நொண்டி பால்கனிக்கு வந்தாள்.

"இருடி, கணக்குப் போட்டுச் சொல்றேன்!" என்றாள் சூத்திரம் கீழேயிருந்து.

உள்ளங்கையில் பேனா ஓடியது. உயரம் பத்து மீட்டர், தூரம் ஏழு மீட்டர், விழுகிற நேரம் ஒன்று புள்ளி நான்கு விநாடி. அவள் போட்டு முடிப்பதற்குள் இரண்டு தடவை ஏறி இறங்கியிருக்கலாம்.

"நேரா, விநாடிக்கு அஞ்சு மீட்டர் வேகத்துல எறி!"

"அதை எதை வச்சுடி அளக்குறது? பேசாம ஷூவுக்குள்ள வச்சுப் போடுறேனே?"

"ஐயோ, வேணாம்! சமன்பாட்டுல எடையே கிடையாதுடி. எதை எறிஞ்சாலும் ஒண்ணுதான்!"

மாவுக்கட்டு எறிந்தாள். காகிதம் சமன்பாடு படித்ததில்லை. ஆடி அசைந்து, மனம் மாறித் திரும்பி, பக்கத்து ஜன்னல் சன்ஷேடின் விளிம்பில் சொகுசாக உட்கார்ந்துகொண்டது. இனி மாடியேறினாலும் கைக்கு எட்டாது. சூத்திரத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"கிளம்பட்டுமா பாப்பா?" என்றார் டிரைவர்.

"ரெண்டே நிமிஷம்ண்ணா!"

மாவுக்கட்டு உள்ளே போய், கால் முறிந்ததிலிருந்து வேலையில்லாமல் கிடந்த இடது கால் ஷூவை எடுத்து வந்தாள். கோணமும் பார்க்கவில்லை, வேகமும் பார்க்கவில்லை. ஒற்றைக் கண்ணை மூடி விட்டெறிந்தாள். ஷூ டிக்கெட்டைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. டிக்கெட் பூச்செடியில் விழுந்தது, ஷூ சூத்திரத்தின் தோளில் விழுந்தது.

"போடி, போய் பாஸாகு!"

தேர்வில் முதல் கேள்வியே அதுதான். கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பொருள் கிடைமட்டமாக எறியப்படுகிறது, காற்றுத் தடையைப் புறக்கணிக்க. சூத்திரம் தோளைத் தடவிக்கொண்டாள். உள்ளங்கையில் இருந்த கணக்கை அவசரமாக வியர்வையில் தேய்த்து அழித்துவிட்டு, ஒரு வரி பிசகாமல் விடை எழுதினாள். எழுதிவிட்டு அடியில் ஒரு குறிப்பும் சேர்த்தாள்.

'எறிவது காகிதமாக இருந்தால், ஷூவுக்குள் வைத்து எறியவும்.'