ஹீட்டர் ஓரத்து இடம்

“எப்போ திரும்பிப் போற, டெர்வ்லா?”

அமெரிக்கா போன பிறகு முதன்முதலாகக் கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்தவளிடம் தம்பி பெண்டாட்டி யூனா கேட்டது இது. டெர்வ்லா அப்போது கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பெட்டியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் ஊரான பாலிக்ரானில் வெளிநாட்டிலிருந்து வருகிற யாரையும் எல்லோரும் இப்படித்தான் கேட்பார்கள், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் யூனா கேட்டபோது அவள் கண் பின் அறைக் கதவின் மேல் இருந்தது. அது டெர்வ்லாவின் அறை.

அதுதான் அவள் கடைசியாக வந்தது. பாஸ்டன் திரும்பியபின் விசாவின் காலம் முடிந்தது. முடிந்த பிறகும் தங்கிவிட்டாள். அவளைப் போல அங்கே எத்தனையோ பேர். இருக்கிறவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நாட்டை விட்டு ஒருமுறை வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அப்பா செத்ததற்கும் அவள் போகவில்லை. அடுத்தவர்களின் அம்மாக்களைக் குளிப்பாட்டி, தலை வாரி, கஞ்சி ஊட்டிவிட்டு வருஷங்கள் ஓடின. இப்போது வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்வது விட்மோர் அம்மாளை.

கொரோனா சமயத்தில் பாலிக்ரான் மாதா கோயிலில், வாசலுக்கு மேலிருக்கும் மாடத்தில் ஒரு கேமரா வைத்தார்கள். வீட்டிலிருந்தே பூசை பார்க்கலாம். நோய் போனது, கேமரா போகவில்லை. அதை அணைக்கச் சாமியாருக்குத் தெரியாது, ஆகவே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் பதினொரு மணிப் பூசை என்றால் பாஸ்டனில் விடியல். விட்மோர் அம்மாள் எழுவதற்கு முன் டெர்வ்லா போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்ப்பாள். பின்னாலிருந்து தலைகள்தான் தெரியும். போதும். இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சு, ஹீட்டர் ஓரம், பச்சைத் தொப்பி. அது அம்மா.

பார்க்கிறேன் என்று அவள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பீடத்தில் நன்மை அப்பம் வாங்கிவிட்டுத் திரும்பும்போது கேமராவைப் பார்த்துக் கையாட்டுவாள். ஊரே சிரிக்கும்.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, ஹீட்டர் ஓரம் காலியாக இருந்தது. பூசை முடிந்ததும் தம்பி மாலக்கியைக் கூப்பிட்டாள்.

“அம்மா பூசைக்கு வந்தாளா?”

“வராம? சாமியாருக்கு முன்னாடியே போய் உக்காந்துட்டா. இப்போ படுத்திருக்கா, எழுப்பட்டுமா?”

“வேண்டாம்,” என்றாள் டெர்வ்லா.

அடுத்த வாரம் கேட்டால், அம்மா முடி வெட்டப் போயிருந்தாள். அதற்கடுத்த வாரம் தொண்டை கட்டியிருந்தது. பெஞ்சில் மட்டும் யாரும் இல்லை.

பாலிக்ரானில் பெஞ்சில் யார் பெயரும் எழுதியிருக்காது. ஆனாலும் ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்காரமாட்டார். இடத்துக்காரர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தாலும், கிறிஸ்துமஸ் கூட்டம் சுவரோரம் நின்று கால் கடுத்தாலும், அந்த இடம் காலியாகவே இருக்கும். இனி வரமாட்டார் என்று ஊருக்குத் தெரிந்த பிறகுதான் ஒருவர் நகர்ந்து உட்காருவார்.

அதற்கும் அடுத்த ஞாயிறு ஊர்க்காரி டெலியா மக்ஹேல் வந்தாள். ஹீட்டர் ஓரத்தில் கைப்பையை வைத்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், கையுறையைக் கழற்றி ஹீட்டர் மேல் காயப்போட்டாள்.

நோயாளிகளுக்கான மன்றாட்டில் சாமியார் வாசித்தார்: “பட்டணத்து முதியோர் இல்லத்தில் இருக்கும் சீலியா மல்ராய்.”

டெர்வ்லாவின் அம்மா பெயர் அது.

“அம்மாவை எங்கடா வச்சிருக்கீங்க?” என்று மாலக்கியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாள்.

அவன் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

“யார் சொன்னா? டெலியாவா? அவ நாக்கை நீட்டி மேயோ ஜில்லா முழுக்க வேலி போடலாம், அப்பவும் மிச்சம் இருக்கும்.”

“யார் சொன்னா என்ன?”

“ரெண்டு தடவ விழுந்துட்டா. அடுப்பை எரிய விட்டுட்டு மழையில கோழி தேடப் போயிட்டா. நம்ம வீட்ல கோழி ஏது? யூனாவும் மனுஷிதானே.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்.”

“சொன்னா? அவ விழறப்ப அங்கேருந்து கை நீட்டிப் பிடிச்சிருப்பியா?”

டெர்வ்லா போனை மறு காதுக்கு மாற்றினாள். “நான் வந்துடறேன். மொத்தமா. அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வா, நான் பாத்துக்கறேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான்.”

“வந்தா அப்புறம் திரும்பிப் போக முடியாதே, அக்கா.”

சின்ன வயசுக்குப் பிறகு அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

“திரும்பிப் போறதப் பத்தி யார் பேசினா? பின் அறை இருந்தா போதும்.”

“பின் அறையில யூனா கோடையில வாடகைக்கு ஆள் தங்க வைக்கிறா. குளியலறையெல்லாம் கட்டியாச்சு.” மூச்சு விட்டான். “அவகிட்ட பேசறேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கூப்பிடு, சொல்றேன்.”

“அம்மா என்னைக் கேக்கறாளா?”

“கேக்கறா. நீ பள்ளிக்கூடத்திலேர்ந்து வந்துட்டியான்னு கேக்கறா.”

அந்த வாரம் டெர்வ்லா அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். அம்மாவுக்குப் பச்சையில் ஒரு கம்பளிச் சட்டை வாங்கினாள், முன்பக்கம் பொத்தான் வைத்தது. கை தூக்க முடியாதவர்களுக்கு அதுதான் சுலபம்.

“எங்க கெளம்பறே?” என்றாள் விட்மோர் அம்மாள், கஞ்சி வாயோடு.

“எங்கம்மாகிட்ட.”

“அவங்க வீட்ல உன்னை வரச் சொன்னாங்களா?”

டெர்வ்லா அவள் வாயைத் துடைத்துவிட்டாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

ஞாயிறு வந்தது. மூன்றாவது பெஞ்சில் மாலக்கி, யூனா, ஹீட்டர் ஓரம் டெலியா. பூசை முடிந்ததும் யூனாவும் டெலியாவும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். மாலக்கி எழவில்லை. கோயில் காலியானது. அவன் தலையில் வழுக்கை விழுந்திருந்தது, அப்பாவுக்கு விழுந்த அதே இடத்தில்.

தன் போனில் படம் ஓட, டெர்வ்லா விட்மோர் அம்மாளின் வீட்டுப் போனில் அவனைக் கூப்பிட்டாள். காதில் மணி அடித்தது. கேமராப் படம் எப்போதும் ஒரு மூச்சு பிந்தி வரும். படத்தில் அவன் குனிந்து சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். அவன் உள்ளங்கையில் வெளிச்சம் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான்.

எடுடா. முடியாதுன்னாவது சொல்லு.

மணி அடித்து ஓய்ந்தது. படத்தில் அவன் கை இன்னும் வெளிச்சமாகவே இருந்தது. அப்புறம் அதுவும் அணைந்தது.

மாலக்கி போனைப் பைக்குள் போட்டான். எழுந்து பீடத்துக்கு முன் ஒரு முழங்கால் மடக்கிச் சிலுவை போட்டுக்கொண்டான். நடுவழியே நடந்து கேமராவை நோக்கி வந்தான். முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. வாசல் தீர்த்தத்தில் விரல் நனைத்துக்கொண்டு, மேலே பார்க்காமல், படத்துக்குக் கீழே போய்விட்டான்.