பாலைவன ரோசாவுக்குப் பிறை

பஸ்ஸால் இறங்கி வந்த றஹ்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலோரம் வரிசையாக நின்ற சட்டிகளைக் கண்டதும் பையைக் கீழே போட்டாள். மண் கறுத்துச் சொதசொதவென்று கிடந்தது. குட்டிக் கள்ளியைத் தொட்டாள். அவித்த கத்தரிக்காய் மாதிரிக் கையோடு வந்தது.

"ஆரு இதுகளுக்குத் தண்ணி ஊத்தின?"

புருஷன் அலியார் உள்ளே இருந்து வந்தார். முகமெல்லாம் சந்தோசம். "நான்தான். ஒரு நாளும் விடல்ல, றஹ்மா. அந்திக்கு மஃரிப் பாங்கு சொன்ன உடன அதுகளுக்கு ஊத்திப்போட்டுத்தான் நான் பேரீச்சம்பழத்த வாயில வச்ச."

மகள் ஃபஹ்மியாவின் பிள்ளைப்பேற்றுக்கென்று மன்னாருக்குப் போனவள், நோன்பு மாதம் முடியும் வரை அங்கேயே நின்றுவிட்டாள். போகும்போது புருஷனிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "இதுகளும் நோன்பாளிகள்தான், பாத்துக்கோங்க." தண்ணீர் காட்டாமல் சும்மா விடுங்கள் என்று அர்த்தம். கற்பிட்டி மணலில் வெங்காயப் பாத்திக்குக் காலையும் மாலையும் தண்ணீர் அடித்தே பழகிய மனுசனுக்கு, நோன்பென்றால் திறக்கவும் வேணும். திறந்து வைத்திருக்கிறார்.

"விடியக்காலை ஸஹருக்கும் குடுத்தீங்களா?"

"ஓம். கொஞ்சமாத்தான்."

அவள் மற்றச் சட்டிகளை விட்டுவிட்டுப் பாலைவன ரோசாவிடம் போனாள். ஆலங்குடா ஹோட்டலில் சமைக்கப் போன காலத்தில், அங்கே நின்ற செடியின் காய் வெடித்துப் பறந்த பஞ்சில் ஒரு விதையைப் பிடித்து முளைக்க வைத்தது. அதற்காக மணலை உப்புப் போகக் கழுவினாள். செங்கல் உடைத்தாள், சிரட்டைக்கரி கலந்தாள். மழை இருட்டினால் உள்ளே தூக்குவாள், வெயில் வந்தால் வெளியே வைப்பாள். வருசக் கணக்காகப் பூக்காமல் வயிறு மட்டும் பருத்துக்கொண்டிருந்த செடி, அவள் மன்னாருக்குப் போகிற அன்றைக்குத்தான் முதல் மொட்டைக் காட்டியது. இப்போது மொட்டில்லை. செடியின் அடி வயிற்றை அமுக்கினாள். விரல் உள்ளே போனது.

"மொட்டு எங்க?"

"அது விழுந்திட்டு. தண்ணி காணாதாக்குமெண்டு கொஞ்சம் கூட்டி ஊத்தின."

"கூட்டி ஊத்தினீங்க." றஹ்மாவின் குரல் தாழ்ந்தது. அவள் கத்துகிற நாளில் அலியார் பயப்படுவதில்லை. இந்தக் குரலுக்குத்தான் பயம். "நாளாந்தம் போன் எடுத்தீங்களே. கோழி அடைக்கு இருந்த கதை, உசனார்ட மோட்டர் பழுதான கதை எல்லாம் சொன்னீங்க. இத ஒரு சொல்லு கேட்டா வாய் வலிக்குமா?"

"சொன்னனே. உன்ட புள்ளைகளும் நோன்பு திறந்திட்டுகள் எண்டு சொன்னன். நீ சிரிச்ச."

சிரித்தாள்தான். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அது நினைவுக்கு வந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு லெய்லா வேலியால் எட்டிப் பார்த்தாள். "என்ன மதினி, வந்ததும் வராததுமா? அலியார் காக்கா பாவம். அன்பிலதானே ஊத்தினார். என்ட மனுசன் எனக்கே ஒரு கோப்பை தண்ணி தரமாட்டார்."

"அப்ப என்ட மனுசனக் கூட்டிப் போங்க. நீங்க போதுமெண்டு சொன்னாலும் ஊத்துவார்."

லெய்லாவின் தலை வேலிக்குப் பின்னால் போய்விட்டது.

றஹ்மா செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, மீன் வெட்டுகிற கத்தியைத் துடைத்து எடுத்துக்கொண்டு குந்தினாள். வேரெல்லாம் கூழ். வெட்டினாள், உள்ளே மண்ணிறம். இன்னும் மேலே வெட்டினாள், மண்ணிறம். பருத்த வயிறு துண்டு துண்டாக நிலத்தில் விழுந்தது. அலியார் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"கொஞ்சம் மருந்தடிச்சா? வெங்காய அழுகலுக்கு அடிக்கிறது இருக்கு."

"வாயப் பொத்துங்க."

கடைசியில் ஒரு சாண் தண்டு மிஞ்சியது. வெட்டுவாய் வெள்ளையாக இருந்தது. மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தாள். நாற்றமில்லை. அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள். வெட்டுவாயில் கரித்தூளை அப்பி, பழைய வலைக்கயிற்றில் கட்டிக் குசினித் தாழ்வாரத்து நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டாள்.

அலியார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கை தன்பாட்டில் பூவாளிப் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"எவ்வளவு நாளைக்கு இப்பிடி?"

"வெட்டின இடம் காய்ஞ்சு தோல் பிடிக்கும் மட்டும். பிறகு காய்ஞ்ச மண்ணில. அதுக்குப் பிறகும் சொட்டுத் தண்ணி இல்ல."

"அப்ப இதுக்கு எப்ப நோன்பு திறக்கிற?" பகிடியா, உண்மையாகவே கேட்கிறாரா என்று இந்த முறையும் விளங்கவில்லை.

றஹ்மா பூவாளியைத் தூக்கி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்தாள்.

"இதுக்குப் பெருநாள் எப்பண்டு ஊர்ப் பள்ளிவாசல் சொல்லாது. பிறை நான்தான் பாப்பன். அது வரைக்கும் ஒரு ஈரக் கையும் இந்தப் பக்கம் வரப்படாது."