மூன்று சுழி

யூத மதகுருவான ரபி சின்னக் கத்தியை எடுத்து டேவிட்டின் சட்டையில், இடது நெஞ்சுக்கு மேலே, ஒரு கீறல் போட்டார். மிச்சத்தை அவனே கையால் கிழித்துக்கொண்டான். பெற்றவளோ உடன்பிறந்தவளோ இறந்தால் யூதர்களுக்கு அதுதான் முறை. அடுத்து, மாண்ட்ரியாலிலிருந்து வந்திருந்த சித்தி சலீமாவின் மேலங்கி. மூன்றாவதாக நின்ற சண்முகப்ரியா, அந்த பிப்ரவரிக் குளிரில் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தாள்.

மருமகளுக்கு இது கிடையாது என்று ரபி மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஈரோட்டில் மருமகள் இல்லாமல் பாடையைத் தூக்கமாட்டார்கள். இங்கே ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. பொத்தான்களைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். அவமானமாகத்தான் இருந்தது.

மாமியார் லத்தீஃபா பாக்தாத் கொடுமைகளிலிருந்து தப்பி வந்தவர் என்று ரபி பேசினார். தப்பு ஒன்றுமில்லை. ஐம்பத்தொன்றில் ஊரில் இருந்த யூதர்கள் அநேகமாக எல்லோரும் குடியுரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு பெட்டியோடு விமானம் ஏறினார்கள். சலீமாவும் அப்படிப் போனவள்தான். லத்தீஃபாவின் புருஷன் மட்டும் துணிக்கடையை விட்டு அசையமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு டெலிபோன் போயிற்று, பாஸ்போர்ட் போயிற்று, கடையும் போயிற்று. எழுபத்தொன்றில் பதினோரு வயது டேவிட்டைக் கூட்டிக்கொண்டு வடக்கு மலை வழியாகக் கழுதை மேல் வெளியேறினார்கள்.

ஆனால் லத்தீஃபா இதையெல்லாம் சொல்லும்போது கழுதையின் பிடிவாதத்தைச் சொல்லித்தான் சிரிப்பாள். சனிக்கிழமையானால் யூதர்கள் கடை திறக்கமாட்டார்களாம். அதனால் பாக்தாத் கடைத்தெருவே தூங்கும், முஸ்லிம் வியாபாரிகளும் ஓய்வெடுத்துக்கொள்வார்கள், "ஊருக்கே எங்களால லீவு" என்பாள். அந்தப் பெருமை கடைசிவரை குறையவில்லை.

பத்து வருடம் ஒரே வீடு. மருந்து கம்பெனி வேலைக்கு ப்ரியா கிளம்பிப் போனால் குழந்தை மகிழனை லத்தீஃபாதான் பார்த்துக்கொண்டாள். ப்ரியா மகனிடம் பேசிய தமிழைக் கேட்டுக் கேட்டு 'வா', 'போதும்', 'தூங்கு' எல்லாம் பழகிக்கொண்டாள். ப்ரியாவைக் கூப்பிடுவது 'கன்னா'. பாவம், மூன்று சுழி ண அவள் வாயில் வரவில்லை என்று ப்ரியா நினைத்துக்கொள்வாள். அலுவலகத்திலிருந்து வந்து காலணியைக் கழற்றும்போதே சமையலறையிலிருந்து அந்தக் குரல் வரும். பெற்ற அம்மாகூட அவளைக் கண்ணா என்று கூப்பிட்டதில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். துக்க வீட்டு வழக்கப்படி கண்ணாடிகளையெல்லாம் படுக்கை விரிப்பு போட்டு மூடியாயிற்று. சலீமா முட்டை உரித்துக்கொண்டே, துக்கம் கேட்க வந்த ஒரு பெண்ணிடம் ப்ரியாவைக் காட்டினாள். வீட்டுப் பேச்சு ஆங்கிலம்தான். ப்ரியாவின் காதில் அது தமிழாகவே விழும்.

"இவதான் எங்க அக்காவோட கன்னா."

ப்ரியாவுக்கு மனசு குளிர்ந்தது. "ஆன்ட்டி, உங்களுக்கும் அந்த வார்த்தை தெரியுமா? அம்மா சொல்லிக் கொடுத்தாங்களா?"

"யாரு சொல்லித் தரணும்? எங்க அரபி வார்த்தை. மகன் பொண்டாட்டிய கன்னான்னுதான் சொல்லுவோம்."

"வெறும் மருமகளா?"

"வேற என்ன?"

ப்ரியா முட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு காரணமும் இல்லாமல் ஃப்ரிட்ஜில் வைத்தாள். லத்தீஃபா எப்போது அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள்? மகிழன் பிறந்து வீட்டில் தமிழ் வருவதற்கு முன்பா, பின்பா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வெறும் மருமகள் என்றுதான் கத்தியும் சொன்னது, இந்தச் சொல்லும் அதைத்தான் சொல்கிறது. பத்து வருடமாகத் தான் மகளாக இருந்ததாக நினைத்தது அவள் மட்டும்தானா?

பக்கத்து ஊர் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து தோழி கண்மணி அலுமினியத் தட்டு நிறைய எலுமிச்சை சாதத்தோடு வந்தாள். "சாவு வீட்ல அடுப்பு பத்த வைக்கக்கூடாதுல்ல? இவங்க இதச் சாப்பிடலாமா, இல்ல ஏதாச்சும் ரூல் இருக்கா?" என்று கேட்டவள் ப்ரியாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். ப்ரியா விஷயத்தைச் சொன்னாள்.

"அட லூசு! மாமியார் மருமகளேன்னு கூப்டாங்கன்னு அழுவுற ஒரே ஆளு நீதான்டி. எங்க மாமியார் என்னை 'இந்தாம்மா'ன்னு கூப்டுவாங்க, போஸ்ட்மேனக் கூப்புடற மாதிரி."

ப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. வலி அப்படியே இருந்தது.

வந்தவர்கள் கிளம்பியபோது ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. சலீமா சோபாவிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். துக்கம் காப்பவர்களுக்கான குட்டை ஸ்டூலில் டேவிட் கிழிந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்திலேயே ஒரு வாரம் கிடந்த முகம், கட்டை கட்டையாய் தாடி. ப்ரியா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கடைசியில அம்மாவுக்கு என்னைத் தெரியல, ப்ரியா."

"ஏன் அப்படிச் சொல்ற?"

"நீ மகிழனை ஸ்கூல்லேர்ந்து பிக்கப் பண்ணப் போயிருந்தே. அம்மா கண்ணைத் திறந்தாங்க. நல்லா என் முகத்தையேதான் பார்த்தாங்க. தாடையைத் தடவிட்டு, 'கன்னா, சவரம் பண்ணிக்கோ'ன்னாங்க. அவ்வளவுதான். உன்னையே தேடியிருக்காங்க. மலையெல்லாம் என்னைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தவங்க, நான் யாருன்னு தெரியாமலே போயிட்டாங்க."

ப்ரியா நிமிர்ந்து அவன் தாடியைப் பார்த்தாள்.

"தாடையைத் தடவினாங்களா?"

"ஆமா."

"சவரம் பண்ணிக்கோன்னாங்களா?"

"ஆமாங்கிறேன்ல."

"டேவிட், எனக்கு எங்க இருக்கு தாடி?"

அவன் ஸ்டூலில் அவள் பக்கம் திரும்பினான்.

"அந்த 'கன்னா' உங்க அரபி இல்ல. என் தமிழ். மகிழன் கைக்குழந்தையா இருந்தப்ப நான் அவன எப்படிக் கூப்பிடுவேன்? கண்ணா. பெத்தவ பிள்ளையக் கூப்பிடற வார்த்தைன்னு அம்மா புரிஞ்சுக்கிட்டு எடுத்துக்கிட்டிருக்காங்க. உன்னை நல்லாவே தெரிஞ்சிருக்கு. நம்ம ரெண்டு பேரையும் ஒரே வார்த்தைலதான் கூப்பிட்டிருக்காங்க."

சோபாவில் சலீமா லேசாகக் குறட்டை விட்டாள். மாடியில் மகிழன் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றான் டேவிட்.

"கண்ணா."

"கன்னா."

அவனுக்கும் மூன்று சுழி வரவில்லை. துக்க முறைப்படி இனி ஒரு மாதத்துக்கு அவன் சவரம் செய்துகொள்ளக்கூடாது. கை தாடைக்குப் போயிற்று, அங்கேயே இருந்தது.