பெஞ்சின் நடு இடம்

ஓய்வு கொடுத்த வாரத்தில்தான் கணவன் வழக்கத்தைவிட அதிகமாகக் களைத்துப்போய் வந்தான். இது எப்படி நடந்தது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

அவள் பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு டூட்டி போடுகிறவள். அந்த வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. வேலையை நிரப்பிவிட்டு மிச்சமிருக்கும் இடத்தில் ஓய்வைச் செருகக் கூடாது. செருகப் பார்த்தால் இடமே மிஞ்சாது; ஒருநாள் எவனாவது ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிடுவான். முதலில் ஓய்வைப் போட வேண்டும், பிறகுதான் வேலை.

அவர்கள் ஆராதனைக்குப் போகும் சபையில் அப்படி யாரும் யோசித்ததில்லை. கணவன் வாரம் முழுக்கக் கண்ணாடி வெட்டும் கடையில் நின்றே வேலை செய்கிறவன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நாற்காலி போடுவான்; சனிக்கிழமை வாலிபர் கூட்டத்துக்கு மைக் கட்டுவான். ஞாயிற்றுக்கிழமை பாட்டு தொடங்கும்போது வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்துவான். திருவிருந்தில் அப்பமும் ரசமும் கொடுக்கும்போது பின்கட்டில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருப்பான். அவன் திருவிருந்து எடுத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

ஒருநாள் காலையில் முகம் மழித்துக்கொண்டே சொன்னான். "இந்த மாசத்தோட நிறுத்திக்கிறேன்."

"வேலையையா?"

"சபையை."

அவன் கோபத்தில் பேசுகிறவன் அல்ல. சொன்னால் செய்துவிடுவான்.

சபையில் இப்படிக் கைவேலை பார்க்கும் உதவிக்காரர்கள் கூட்டத்துக்கு அவளே போய், ஆளுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு ஓய்வு என்று தாளில் முறை போட்டுக் காட்டினாள். உதவிக்காரர்களுக்குத் தலைவி வேறு யாருமல்ல, அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா.

"கர்த்தருடைய வேலைக்கு லீவு கேக்கற முதல் ஆள் நீதாம்மா," என்றாள் நாத்தனார். "இது என்ன உங்க பஸ் டிப்போவா?"

"டிப்போவா இருந்தா நல்லா இருக்கும் அண்ணி. அங்க மனுஷனைத் தூங்க விடுவோம்."

"என் தம்பி சோம்பேறி இல்ல. நீ வந்துதான் அவனை அப்படி ஆக்கணும்."

போதகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முயன்று பார்க்கலாமே என்று முனகினார். நாத்தனார் தாளை இரண்டு விரலால் நுனியில் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

முதல் ஓய்வு கணவனுக்கு. அவனும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, வழக்கமான இடத்தில், நடைபாதையை ஒட்டிய ஓரத்தில் உட்கார்ந்தான். இரண்டாம் பாட்டிலேயே நாத்தனார் குனிந்து காதில் சொன்னாள்: "வாசல்ல ஆள் வரல. சும்மாதானே உக்காந்திருக்கே?" அவன் எழுந்து போனான். பிறகு மைக் இரைந்தது, அதற்கும் அவன்தான். பிறகு தேநீர். மற்ற வாரங்களில் தன் வேலையை மட்டும் பார்த்தவன், ஓய்வு வாரத்தில் வராதவர்கள் எல்லோருடைய வேலையையும் பார்த்தான்.

"பாத்தியா உன் முறையோட லட்சணத்தை?" என்றாள் நாத்தனார், வாசலில் நாலு பேர் கேட்க. "நீ உக்காருன்னு சொன்னாலும் அவன் கால் உக்காராது."

வீட்டில் கணவன் காலணியைக் கழற்றி மூலையில் எறிந்தான். "உன் ஓய்வும் வேணாம், அவ ஊழியமும் வேணாம். என்னை விட்டுடுங்க."

"இன்னிக்கு ஓய்வுக் கணக்குல சேராது. இன்னும் ஒரே ஒரு ஞாயிறு."

"எதுக்கு, மறுபடியும் நாலு பேர் சிரிக்கிறதுக்கா?"

"அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

"அது நடக்கவா போகுது," என்றான். ஆனாலும் மறுக்கவில்லை.

புதன்கிழமை ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அவள் பெஞ்சுகளுக்கிடையே நடந்தாள். கனமான நீள பெஞ்சுகள். ஒரு முனை சுவரோடு, மறு முனை நடைபாதையோடு. இரண்டு வரிசைக்கும் நடுவே முழங்கால் கொள்ளும் இடம்தான். உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டுமானால் வரிசையே காலை மடக்க வேண்டும். நடைபாதைப் பக்கத்து நுனிகள் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தன. உதவிக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் உட்காருவார்கள், கூப்பிட்டால் எழ வசதியாக.

அவளுக்குப் பட்டென்று பிடிபட்டது. விடுப்பில் இருக்கும் ஓட்டுநர் பணிமனை கேண்டீனில் வந்து உட்கார்ந்தால், ஆள் வராத வண்டிக்கு அவனைத்தான் இழுப்பார்கள். விவரமானவன் வீட்டிலேயே இருந்துகொள்வான். ஆனால் கணவன் வீட்டில் இருந்தால் ஆராதனை போய்விடும். அவன் உள்ளேயும் இருக்க வேண்டும், யார் கைக்கும் எட்டாமலும் இருக்க வேண்டும்.

ஞாயிறன்று அவனை நடுவில் தள்ளி உட்கார வைத்தாள். சுவர்ப் பக்கம் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. நடைபாதைப் பக்கம் அவள். அவளுக்கு அடுத்து, நடைபாதை நுனியில், சபையே 'குறட்டை மாமா' என்று அழைக்கும் கனத்த மனிதர்.

இரண்டாம் பாட்டில் நாத்தனார் வந்தாள். கையசைத்தாள். கண்ணை உருட்டினாள். "தம்பி! வாசல்!" என்று சீறினாள்.

கணவன் பழக்கத்தில் பாதி எழுந்தான்.

"எங்கம்மா கூப்பிடறே அவனை?" என்றார் குறட்டை மாமா, கண்ணைத் திறக்காமலே. "என் முட்டி மடங்காது. வேணும்னா பறந்து வரச் சொல்லு."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கணவன் உட்கார்ந்துவிட்டான்.

"வெளிய வா, உனக்கு இருக்கு," என்று அவளைப் பார்த்து வாயசைத்துவிட்டு நாத்தனார் போய்விட்டாள். அன்று வெயிலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தியது நாத்தனார்தான்.

கணவன் முழுப் பிரசங்கத்தையும் கேட்டான். திருவிருந்து வரிசை எழுந்தபோது அவனும் எழுந்தான். அப்பத்தை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவன், வெகுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு, அவளைப் பார்க்காமலே, "அடுத்த வாரம் வாசல் என்னுதுதானே?" என்றான்.

வெளியே நாத்தனார் வியர்வை வழியக் காத்திருந்தாள். "என் தம்பியைச் சிறை வெச்சிட்டே."

"ஆமா அண்ணி. அடுத்த வாரம் உங்களுக்கு."

"என்னை எவ உக்கார வெக்கிறான்னு பாக்கறேன்!"

அவள் அறிவிப்புப் பலகையில் தொங்கிய முறைத்தாளின் அடியில் பேனாவால் எழுதினாள்: ஓய்வு முறை வந்தவர் ஆராதனைக்கு வர வேண்டும். பெஞ்சின் ஓரத்தில் உட்காரக் கூடாது. இரண்டு பேருக்கு நடுவில்தான் உட்கார வேண்டும்.