ஐந்து நிமிடச் சுற்று

என்னை யாராவது விஞ்ஞானி என்று அறிமுகம் செய்தால் எனக்குக் கோபம் வரும். நான் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொள்கிறவள், அவ்வளவுதான். பதினொரு வருடமாக ஒரே அறை, ஒரே கருவி. அறைக்கு ஜன்னல் கிடையாது, வாசலில் கறுப்புத் திரை. செல்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகக் கருவியைச் சுற்றி ஒரு பெட்டி கட்டி, உள்ளே உடம்புச் சூட்டை வைத்திருப்போம். மருத்துவர்கள் செல்களைக் கொண்டுவருவார்கள், நான் படம் எடுத்துக் கொடுப்பேன். இதைக் கேட்ட அன்றைக்கே அண்ணன் எனக்குப் 'போட்டோக்காரி' என்று பெயர் வைத்துவிட்டான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன், அதனால் எங்களுக்குள் மரியாதையெல்லாம் கிடையாது. போன வருடம் அவனுக்கு வயிற்றில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள், ஆனால் முழுவதையும் எடுக்க முடியவில்லை. மீதிக்கு மருந்துதான். மூன்று மருந்துகள் இருந்தன. அவனுடைய சிறுநீரகம் ஏற்கெனவே பாதிதான் வேலை செய்தது, ஆகவே மூன்றில் ஏதாவது ஒன்றைப் போட்டுப் பார்க்கத்தான் அந்த உடம்பு தாங்கும், தப்பாகத் தேர்ந்தெடுத்தால் திரும்ப வழியில்லை என்று பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டார்.

கட்டியைக் கொல்லப்போகிற அந்த ஒன்று எது என்று சொல்கிற சோதனையைத்தான் எங்கள் சின்ன டாக்டர் செய்துகொண்டிருந்தாள். பெயருக்குத்தான் சின்ன டாக்டர், வேலையில் ராட்சசி. நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல்களை ஒரு பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்பாள். உள்ளங்கை அகலத் தட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். ஒவ்வொரு மருந்துக்கும் இருபத்துநான்கு குழி. மீதி இருபத்துநான்கில் மருந்து விடமாட்டாள். அவற்றைச் 'சும்மா குழி' என்போம். மருந்துக் குழியில் செல்கள் செத்து, சும்மா குழியில் உயிரோடு இருந்தால், கொன்றது மருந்து என்று அர்த்தம். செல்லின் கரு நீலமாக ஒளிரும், உயிரோடிருக்கும் செல் பச்சை, சாகிற செல் சிவப்பு. இரண்டு நாள் இடைவிடாமல் மூன்று நிறத்திலும் எல்லாக் குழிகளையும் மாறி மாறிப் படம் எடுப்பது என் வேலை.

அண்ணனின் செல்களையும் சேர்த்துக்கொள்ளும்படி நான்தான் அவளைக் கெஞ்சினேன். அதுவரை யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை.

அவள் சம்மதித்தாள், கூடவே ஒரு பிரச்சினையையும் சொன்னாள்.

"அக்கா, ஒரு சுத்துக்குப் பதினெட்டு நிமிஷம் ஆகுது. சாகுற செல்லு பத்து நிமிஷத்துல உருண்டு கழண்டு மிதந்து போயிடுது. அடுத்த படம் எடுக்குறதுக்குள்ள காணாமப் போனா எதை எண்றது? அஞ்சு நிமிஷத்துல ஒரு சுத்து வேணும்."

"அஞ்சா? டாக்டர், இது மைக்ராஸ்கோப். மிக்ஸி இல்ல."

சொல்லிவிட்டேனே தவிர, அன்று மாலையே கருவியைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். நேரத்தை யார் தின்கிறார்கள் என்று பார்த்தேன். முதல் குற்றவாளி, நிறக் கண்ணாடிகள் பதித்த வடிகட்டிச் சக்கரம். ஒவ்வொரு நிறத்துக்கும் அது சுற்றி வந்து நிற்க வேண்டும். குழிக்கு மூன்று முறை, சுற்றுக்கு முந்நூறு முறை கிட்ட. அதைக் கழற்றிவிட்டு மூன்று நிறத்தையும் விடுகிற ஒற்றை வடிகட்டியை மாட்டினேன். விளக்கும் மூன்று நிற எல்.இ.டி. ஆயிற்று, கண் இமைப்பதற்குள் நிறம் மாறும். இரண்டாவது குற்றவாளி கம்ப்யூட்டர். விளக்கை ஏற்று, படம் எடு, விளக்கை அணை என்று ஒவ்வொன்றுக்கும் அது யோசித்து யோசித்துக் கட்டளை போட்டது. ஒரு வயரை இழுத்து, கேமராவே நேராக விளக்கை ஏற்றி அணைக்கும்படி செய்தேன். பதினெட்டு நிமிடம் ஏழாகக் குறைந்தது. அங்கே நின்றுவிட்டது. இன்னும் இரண்டு நிமிடத்தைக் கசக்கிப் பிழிந்தும் எடுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனபோது இந்தப் புலம்பலை அவனிடமும் புலம்பினேன். தலையணையில் சாய்ந்தபடி, தொழில் ஆர்வத்தோடு கேட்டான்.

"அந்தச் சும்மா குழிய ஏன் ஒவ்வொரு தடவையும் எடுக்குற?"

"அதுவும் பாக்கணும்ல."

"அதுலதான் ஒண்ணும் நடக்காதே. ஆளே இல்லாத மாடியில எதுக்கு லிஃப்ட நிறுத்துற, போட்டோக்காரி?"

எனக்கு உடனே மண்டையில் ஏறியது. சும்மா குழிகளுக்கு மணிக்கு ஒரு படம் போதும். மற்ற எழுபத்திரண்டு குழிகளை மட்டும் சுற்றினால் ஏறக்குறைய ஐந்து நிமிடம். அண்ணி காபி கொண்டுவந்து வைத்தபோது நாங்கள் இரண்டு பேரும் பரீட்சையில் பாஸானவர்கள் போலச் சிரித்துக்கொண்டிருந்தோம். கட்டி வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது என்று அண்ணி சொன்னாள்.

மறுநாள் அவனுடைய தட்டை ஏற்றினேன். மூன்று மருந்துமே செல்களைக் கொன்றன, ஆனால் இரண்டாவது எல்லாவற்றையும் முந்தியது. ஆறு மணி நேரத்தில் அந்த இருபத்துநான்கு குழிகளும் சிவப்பாகிவிட்டன. சும்மா குழிகள் பச்சைப்பசேலென்று இருந்தன. சின்ன டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதன் பிறகு பதினெட்டை ஐந்தாக்கிய கதையைக் கேன்டீனில் அகப்பட்டவர்களிடமெல்லாம் அளந்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் எட்டு நோயாளிகளின் தட்டுகள் ஐந்து நிமிடச் சுற்றில் ஓடின.

அண்ணனுக்கு இரண்டாவது மருந்தை ஏற்றினார்கள். இரண்டு தவணை முடிந்தது. முடி போயிற்று, நாக்கு வெந்தது, சிறுநீரகம் இன்னும் கீழே இறங்கியது. ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. "கொஞ்சம் டைம் குடுத்துப் பாக்கலாம்" என்றார் பெரிய டாக்டர். அண்ணி அவரை நம்பவில்லை, என்னைத்தான் நம்பினாள். "நீ கண்ணால பாத்தல்ல, எல்லாம் செத்துச்சுல்ல?" என்று போகும்போதெல்லாம் கேட்பாள். பார்த்தேன் என்பேன். பொய்யில்லை, பார்த்தேன்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சின்ன டாக்டர் கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, நான் ஒரு முட்டாள். நேத்து ஏத்துன தட்டுல ஒரு வரிசைக்கு மருந்தே விடல. மருந்தக் கரைக்கிற வெறும் தண்ணியத்தான் விட்டிருக்கேன். இப்பதான் பாட்டிலப் பாத்தேன்."

வரிசைக்குப் பன்னிரண்டு குழி. படத்தைத் திறந்தோம். பன்னிரண்டும் சிவப்பு.

"மருந்து இல்லாமயே செத்துருக்கு. பக்கத்து வரிசையிலேர்ந்து தெறிச்சிருக்கும். இல்ல, செல்ல நான் சரியா வளக்கல. என் தப்புதான், இந்தத் தட்ட விட்டுடலாம்" என்றாள்.

விட்டிருக்கலாம். அவளே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாயிற்று, நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் நான் அதற்குள் சும்மா குழிகளின் படத்தையும் பக்கத்தில் திறந்துவிட்டேன், அவை பச்சையாகவே இருந்தன. அந்தப் பன்னிரண்டு குழிக்கும் சும்மா குழிகளுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். இவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் வாங்கின, அவை மணிக்கு ஒருமுறை வாங்கின.

வெளிச்சம் செல்லைக் கொல்லும். அதிலும் நீலம் மோசம். இது எனக்குத் தெரியாதா? புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் நடத்துகிற பாடமே இதுதான். வெளிச்சம் அளவு மீறியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். சும்மா குழியைப் பாருங்கள், அது நன்றாயிருந்தால் வெளிச்சம் சரி என்பேன். அந்தச் சாட்சியையே நான் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நேரம் மிச்சமாகிறதாம்.

"உங்க தப்பு இல்ல டாக்டர்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள்.

அன்றே மருந்தில்லாத ஒரு தட்டை ஏற்றி, பாதியை ஐந்து நிமிடத்துக்கும் மீதியை மணிக்கும் எடுத்தேன். மறுநாள் காலையில் ஐந்து நிமிடப் பாதி முழுக்கச் செத்துக் கிடந்தது. மருந்தின் பெயரால் ஒன்பது பேருடைய செல்களை என் விளக்கு கொன்றிருக்கிறது.

உறைநிலைப் பெட்டியில் அண்ணனின் செல்கள் இன்னும் ஒரு குப்பி இருந்தன. அதை எடுத்துப் பழையபடி மெதுவாக, வெளிச்சத்தைக் குறைத்து, சும்மா குழிகளையும் சேர்த்துச் சுற்றவிட்டேன். இரண்டு நாள் நான் அந்த அறையை விட்டு நகரவில்லை. இரண்டாவது மருந்து ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. அது செல்களை வெளிச்சத்துக்குக் கூசவைக்கிற மருந்து, அதனால்தான் அன்றைக்கு முதலில் செத்தன. அண்ணனின் வயிற்றுக்குள் வெளிச்சம் கிடையாது.

மூன்றாவது மருந்து நிதானமாகக் கொன்றது. முப்பது மணி நேரத்தில் முக்கால்வாசி.

சின்ன டாக்டர் உடனே பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். நான் எதிரில் நின்றேன். போனை வைத்துவிட்டு, "கிட்னி இனிமே அதத் தாங்காதாம் அக்கா" என்றாள். பிறகு, "ஒன்பது பேரோட டாக்டர்களுக்கும் இன்னிக்கே எழுதணும். உங்க வீட்டுக்கு மட்டும் வேணும்னா நான் வந்து சொல்றேன்" என்றாள். வேண்டாம் என்றேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு அண்ணனுக்கு மூன்றாம் தவணை. அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும் என்று காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். அண்ணி ஆஸ்பத்திரிப் பையில் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கட்டிலில் சட்டை மாட்டி உட்கார்ந்திருந்தான். காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று நின்றது.

"என்ன போட்டோக்காரி, வேலை இல்லையா இன்னிக்கு?"

"அண்ணா, இன்னிக்கு ஊசிக்குப் போக வேண்டாம்."

சொல்ல ஆரம்பித்தேன். வெளிச்சம், ஐந்து நிமிடம், மணிக்கு ஒன்று, எதையும் ஒளிக்காமல் சொன்னேன். சும்மா குழியைப் பற்றிச் சொல்லும்போது அவன் கண் என் மேல் நிலைத்தது. அது யாருடைய யோசனை என்று நான் சொல்லவில்லை. லிஃப்ட் மெக்கானிக் ஆயிரம் சொல்வான். வெளிச்சம் செல்லைக் கொல்லும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"அப்போ இந்த மருந்து வேலை செய்யலயா?"

"செய்யல."

"வேற ரெண்டு?"

நான் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினேன். அவன் மறுபடியும் கேட்டான்.

"மூணாவது செஞ்சிருக்கும்" என்றேன்.

"அத இப்ப போட்டுக்கலாமா?"

"உன் கிட்னி தாங்காதுன்னு சொல்லிட்டாங்க."

"மொதல்லயே போட்டிருந்தா?"

"தாங்கியிருக்கும்."

அண்ணி பையை மூடிக்கொண்டிருந்தாள். ஜிப் பாதியில் நின்றது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு மாசமா இவரு சோத்த முழுங்க முடியாம அழுததப் பாத்தியா நீ?" என்று கேட்டாள். "நான்தான் சமாதானம் சொன்னேன். உங்க தங்கச்சி கண்ணால பாத்துட்டுச் சொல்லியிருக்கா, பொறுத்துக்குங்கன்னு சொன்னேன்."

"அண்ணி..."

"இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராத. இவருக்கு என்ன ஆனாலும் வராத."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தான். மருந்தால் விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது, பிடி கிடைக்கவில்லை. உதவிக்குக் கையை நீட்டினேன். கழுத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அண்ணி வந்து கழற்றிவிட்டாள்.

வாசலில் குனிந்து செருப்பை மாட்டினேன். இரண்டு வாரையும் அவிழ்த்து, திரும்பவும் முதலிலிருந்து மாட்டினேன். உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை.