உச்சி வளைவில் ஒரு கேன் தண்ணீர்

"அப்பா, நாம வருவோம்னு இந்தத் தண்ணிய வெச்சவங்களுக்கு எப்படித் தெரியும்?"

சலூன்காரரின் மகள் இப்படிக் கேட்டது ஒரு மலைப்பாதையின் உச்சி வளைவில். பக்கத்தில் அவர்களுடைய வண்டி, கோபக்கார மாமனார் மாதிரி ஆவி விட்டுக்கொண்டு நின்றது. அவளுக்கு அப்போது வயது ஆறு. கேள்விக்கு மட்டும் வயது அறுபது. வீட்டில் எல்லோரும் அவளை 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று காலையில்தான் அந்தக் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தது. போகிற இடம், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நகரம். சலூன்காரர் இத்தனை வருடமும் இன்னொருவர் கடையில் நின்று முடி வெட்டியவர். அந்தக் கடையில் அவருக்குச் சொந்தமாக இருந்தது அவர் வாங்கிப் போட்ட சுழல் நாற்காலி ஒன்றுதான். இப்போது கடவுள் கண் திறந்திருந்தார். நகரத்தில் ஒரு தெருமுனையில் கடை அறை, அதன் மேலேயே இரண்டு அறை வீடு. வீட்டுக்கார அம்மாள் போனில் கறாராகச் சொல்லியிருந்தார்.

"இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்தா சாவி உங்களுக்கு. இல்லேன்னா ஒரு செருப்புக் கடைக்காரர் காத்துக்கிட்டிருக்கார், அவருக்குக் குடுத்துருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது. ஆள் கீள் அனுப்பாதீங்க. கடை நடத்தப்போறவர் முகத்தை நான் பார்க்கணும்."

வண்டி மச்சானுடையது. சலூன்காரர் மனைவியின் தம்பி அவன். ஊருக்குள் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் சின்ன லோடு வண்டி. கட்டில், மெத்தை, பாத்திர மூட்டை, மின்விசிறி எல்லாம் ஏற்றியபின், நாற்காலி நட்டநடுவில் நின்றது. எப்படிச் சாய்த்தாலும் அடங்கவில்லை. கடைசியில் நிமிர்த்தியே வைத்து அடித்தண்டை நாலு பக்கமும் கயிற்றால் கட்டினான் மச்சான்.

"அத்தான், இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. நீங்களே ஏறி உட்காருங்க. பட்டத்து ராஜா மாதிரி ஊர்வலமாப் போகலாம்."

"ராஜாவுக்கு மந்திரி வேண்டாமா?" என்று வாலு அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டாள்.

மனைவியும் மச்சானும் முன்னால் உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பியது. அப்படி ஒரு பயணம் சலூன்காரருக்கு வாய்க்கும் என்று யாராவது முந்தின நாள் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். நாற்காலியின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்த்திருந்தது. எதிரே, புதுக் கடைக்கென்று வாங்கிப் பின்கதவில் சாய்த்துக் கட்டிய பெரிய கண்ணாடி, போர்வையில் சுற்றியிருந்தது. மலை ஏறத் தொடங்கியதும் வாலு போர்வையை இழுத்து விலக்கிவிட்டாள். அவ்வளவுதான், உலகம் இரண்டானது. விட்டுவந்த பாதை கண்ணாடியின் இருபுறமும் நேரில் நெளிந்து போனது. போகவேண்டிய மலைமுகடு கண்ணாடிக்குள் தெரிந்தது. கீழே பள்ளத்தாக்கில் ஆறு, வெட்டிப்போட்ட ரிப்பன் துண்டு மாதிரி கிடந்தது. மேகத்தின் நிழல் ஒரு சரிவிலிருந்து இறங்கி அடுத்த சரிவில் ஏறியது.

"அப்பா, மலைக்கு முடி வெட்டணும்பா. எவ்வளவு மரம்!"

"காதோரம் மட்டும் கொஞ்சம் எடுத்துவிடலாமா?" என்றார் அப்பா. வளைவு வரும்போதெல்லாம் நாற்காலி தானாகச் சுழன்றது. இருவரும் கத்திச் சிரித்தார்கள். முன்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அங்க யாருங்க குழந்தை? எனக்கு ரெண்டு குரல் கேக்குது!"

உச்சி வளைவுக்கு வந்தபோதுதான் வண்டியின் முகப்பிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பியது. மச்சான் ஓரங்கட்டி இறங்கினான். முகத்தில் அசடு வழிந்தது.

"ரேடியேட்டர்ல தண்ணி இல்லைன்னு நினைக்கிறேன்."

"காலையில பார்த்தியாடா?" என்றாள் அக்கா.

"பார்க்கணும்னு நினைச்சேன்க்கா."

"நீ நினைக்கிறதுக்குன்னே தனியா ஒரு வண்டி வாங்கணும்."

குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் ஏற்றத்திலேயே காலியாகியிருந்தது. வாலுவின் பாட்டிலில் மட்டும் இருந்தது. மூடியில் மஞ்சள் வாத்து உட்கார்ந்திருக்கும் ஆரஞ்சு பாட்டில். "இதை ஊத்துங்க மாமா" என்று நீட்டினாள்.

"யானைப் பசிக்குச் சோளப்பொரியா கண்ணு? நீயே குடி."

கண்ணுக்கெட்டிய தூரம் வீடு இல்லை, குழாய் இல்லை. சலூன்காரர் மனதுக்குள் பொழுதை அளந்தார். கடவுளே, இந்த ஒரு நாள் மட்டும் கைவிட்டுவிடாதே என்று வேண்டிக்கொண்டார். அப்போதுதான் பாறை நிழலில் அதைப் பார்த்தார்: ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன். மூடி தொலைந்துபோகாமல் இருக்கக் கைப்பிடியோடு நூலால் கட்டியிருந்தது. காற்று உருட்டிவிடாதபடி கேனைச் சுற்றி மூன்று கற்கள். உள்ளே, விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

யார் வைத்தது என்று ஒரு எழுத்துகூட அதன்மேல் இல்லை.

இஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார்கள். மச்சான் மூடியைத் திறக்கப் போனபோது, கை சுட்டுவிடப் போகிறதே என்று சலூன்காரர் தன் கடைத் துண்டை நாலாக மடித்து மூடியைச் சுற்றிக் கொடுத்தார்.

"சாருக்கு ஷேவிங்கா, கட்டிங்கா?" என்று மச்சான் ரேடியேட்டரைக் கேட்டான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் வாலு கேட்டாள், தண்ணீர் வைத்தவர்களுக்கு நாம் வருவோம் என்று எப்படித் தெரியும் என்று.

"உங்கப்பா போட்டோ பேப்பர்ல வந்திருக்கும்" என்றான் மச்சான்.

"கடவுளுக்குத் தெரியும்டி" என்றாள் அம்மா.

"அப்ப கடவுளே வந்து கேன்ல புடிச்சு வெச்சாரா?"

கேனில் இருந்ததெல்லாம் வண்டிக்குள் போயிருந்தது. சலூன்காரர் காலிக் கேனின் மூடியைத் திருகி, மூன்று கற்களுக்கு நடுவில் இருந்தது இருந்தபடி வைத்தார். வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. விருந்து சாப்பிட்டுவிட்டு எச்சில் இலையை எடுக்காமல் எழுந்து வருவது போல் இருந்தது. ஆனால் நிரப்ப வழி எங்கே?

இறக்கத்தில் வாலு அம்மாவோடு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். சலூன்காரர் தனியாக நாற்காலியில் உட்கார்ந்தபடி மலை இறங்கினார். காற்று குளிர்ந்திருந்தது, வண்டி சொன்னபடி கேட்டது. கண்ணாடியில் தூரத்து நகரம் பொடிப்பொடியாகத் தெரிந்தபோது, அவர் தன் முகத்தையும் பார்த்துக்கொண்டார். கடைக்காரர் முகம் மாதிரிதான் இருந்தது. வழியில் ஒரு பழைய வேன் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே ஏறிப் போயிற்று. ஜன்னல் நிறையக் குழந்தைகள். நாற்காலியில் போகும் மனிதரைப் பார்த்து எல்லோரும் கை ஆட்டினார்கள். அவரும் ஆட்டினார். வேன் வளைவில் மறைந்தபின்தான் அவர் கை கீழே இறங்கியது.

அடிவாரத்தில் பெட்ரோல் பங்க் ஒன்று இருந்தது. வண்டி நின்றதும் முன்னால் சத்தம் கேட்டது.

"உன் பாட்டில் எங்கடி?"

"வெச்சுட்டேன்மா."

"எங்க வெச்ச?"

"பத்திரமாத்தான் வெச்சேன்."

"இது மூணாவது பாட்டில்! தொலைக்கிறதுக்குன்னே பொறந்திருக்கா." அம்மா சீட்டுக்குப் பின்னால் கைவிட்டுத் தேடினாள். கையில் வந்தது பாட்டில் இல்லை. வெள்ளைக் கேன்.

மூன்று பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அடி பாவி, இதை ஏன்டி தூக்கிட்டு வந்த?"

வாலுவுக்கு அழுகை முட்டியது. "காலியா இருந்துச்சே! காலியா வெச்சா அடுத்து வர்றவங்க ஏமாந்துருவாங்கல்ல? ரொப்பி வெக்கலாம்னு எடுத்தேன். இங்கதான் பைப் இருக்கே!"

பைப் இருந்தது. மலை பின்னால் இருந்தது. பொழுது முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது.

மச்சான் சொன்னான்: "அத்தான், நாளைக்கு நான் இதே வழியாத்தானே திரும்பிப் போறேன். ரொப்பிக் கொண்டுபோய் வெச்சுடறேன். இதுக்குப் போய் எதுக்கு முகத்தைத் தொங்கப்போடறீங்க?"

நியாயமான பேச்சுதான். ஆனால் சலூன்காரருக்கு அந்த வேன் ஜன்னலில் ஆடிய கைகள் நினைவில் வந்தன. நாளைக்கு என்பது அந்தக் கேன் இல்லாமல் ஒரு முழு இரவு.

"நீங்க மூணு பேரும் போங்க. நான் பஸ் புடிச்சு மேல போயிட்டு, அடுத்த பஸ்ஸுல வந்துடறேன்."

"உங்க முகத்தைப் பார்க்கணும்னுல்ல அந்தம்மா சொன்னாங்க?" மனைவியின் குரல் தாழ்ந்தது. "சாவியை அந்தச் செருப்புக் கடைக்காரருக்குக் குடுத்துட்டா?"

அவர் கேனை வாங்கி மூடியைத் திறந்தார். எத்தனை வருடம் இன்னொருவர் கடையில் நின்ற கால்கள் அவருடையவை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவளே கேனை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயில் பிடித்தாள். முதலில் ஒரு தரம் அலசி, பிறகு விளிம்பு வரைக்கும். கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி அவர் கையில் திணித்தாள்.

"வழியில குடிங்க. கேன்ல இருக்கறதைக் குடிச்சிராதீங்க."

"சரி."

"என் முகத்தையும்தான் பார்க்கட்டுமே. உங்க முகத்தைவிட அப்படி என்ன மோசம்?"

பஸ் மெதுவாக வந்தது. அதைவிட மெதுவாக ஏறியது. சலூன்காரர் கேனை மடியில், முன்பு மகள் உட்கார்ந்த இடத்தில், வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே மாலை வெயில் மரங்களின் நுனியில் மட்டும் மஞ்சள் பூசியிருந்தது. உச்சி நெருங்கும்போது போன் அடித்தது.

"சாவி கையில இருக்குங்க!" மனைவியின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. "உங்க மச்சான் அடிச்ச கூத்தைக் கேளுங்க. கடைக்காரர் யாருன்னு அந்தம்மா கேட்டதும், இவன் சட்டைப் பையில சீப்பைச் சொருகிக்கிட்டு 'நான்தாங்க'ன்னுட்டான்."

"ஐயையோ!"

"உங்க பொண்ணு விடுவாளா? 'பொய்! இவர் மாமா. எங்கப்பா மலையில தண்ணி வைக்கப் போயிருக்கார்'னு போட்டு உடைச்சுட்டா. அப்புறம் நடந்ததை நடந்தபடி சொல்லிட்டேன்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"வண்டியில நின்ன நாற்காலியைப் பார்த்தாங்க, வாலுவைப் பார்த்தாங்க. அப்புறம் 'முகம் பார்த்தாச்சு'ன்னு சொல்லிச் சாவியை அவ கையிலயே குடுத்துட்டாங்க. நாளைக்கு முதல் ஆளா அவங்க வீட்டுக்காரருக்கு முடி வெட்டணுமாம். புதர் மாதிரி வளர்ந்து கெடக்காம்."

சலூன்காரர் போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடி நன்றி சொன்னார். திறந்தபோது கண் ஈரமாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர், "நல்ல சேதி போல" என்றார். "ஆமாங்க, கடை திறக்கறேன்" என்று முன்பின் தெரியாத அவரிடம் சிரித்தார்.

உச்சி வளைவில் நிறுத்தச் சொன்னபோது கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க ஸ்டாப்பே கிடையாதே. யார் வீட்டுக்குப் போறீங்க?"

"வீட்டுக்கில்லைங்க. ஒண்ணை வெச்சுட்டுப் போகணும்."

"கீழ போற பஸ் இன்னும் கொஞ்ச நேரத்துல வரும். கை காட்டுங்க, நிப்பாட்டுவாங்க. நல்ல ஆளுய்யா!"

பஸ் போனதும் மலை அமைதியானது. ஏதோ ஒரு பறவை கூப்பிட்டது, இன்னொன்று பதில் சொன்னது. சலூன்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு பாறை நிழலுக்குப் போனார்.

மூன்று கற்களுக்கு நடுவில், கேன் இருந்த இடத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாட்டில் நின்றிருந்தது. மூடியில் மஞ்சள் வாத்து.

அவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். கேனை எடுத்த குழந்தை அந்த இடத்தைச் சும்மா விட்டு வரவில்லை. பாட்டிலை எடுத்துப் பார்த்தார். அவள் மாமாவிடம் நீட்டியபோது அது நிறைய இருந்தது. இப்போது பாதிக்கும் கீழே. மூடி இறுக்கமாகத் திருகியிருந்தது. பக்கத்தில் மண் ஈரமாக இருந்தது, ஈரத்தில் சின்னச் சின்னக் காலடிகள். யாருக்கோ தாகம் எடுத்திருக்கிறது. குடித்துவிட்டு, மீதியை அடுத்தவருக்கு என்று வைத்துவிட்டும் போயிருக்கிறார்கள்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு போனால் வீட்டில் திட்டு மிச்சமாகும். அதை நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. திட்டு இருக்கட்டும், நாளைக்கே நாலாவது பாட்டில் வாங்கிவிடலாம்.

கற்களை நகர்த்தி இடத்தை அகலமாக்கினார். முதலில் கேனை வைத்து, நூல் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு மனைவி தந்த பாட்டிலைத் திறந்தார். பஸ்ஸில் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை, நாக்கு வறண்டிருந்தது. ஆரஞ்சு பாட்டிலில் அதைச் சிந்தாமல் ஊற்றினார், விளிம்பு வரைக்கும். வாத்து மூடியைத் திருகி, கேனுக்குப் பக்கத்தில் வைத்தார். காற்றுக்கு உருளாதபடி இன்னொரு கல் தேடிக் கொண்டுவந்து அணைகொடுத்தார்.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, சாலையின் மறுபக்கம் போய் நின்றார். கீழே நகரத்தில் ஒவ்வொன்றாக விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.