கொலினின் அக்கா

மட்டக்களப்பில் கலியாண உடுப்புத் தைக்கும் நோறா, 2022 ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் முழுவதுமாகக் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். அது ஒரே நாளில் நடந்ததல்ல. தம்பி கொலினுக்கு இருபத்துநான்கு வயதில் காதுக்குள் ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். அவன் தச்சு வேலையை விட்டு வீட்டுக்குள் அடைந்த நாள்முதல், எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் "கொலினுக்கு எப்படி?" என்று மட்டுமே கேட்டார்கள். பதினோராம் வருடம் நோறாவின் கைகள் மறைந்தன. தையலில் குறையில்லாததால் வாடிக்கையாளர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தோள் போனது, முகம் போனது. கடைசியாகக் குரலும் போனபோது, கோயிலில் அவள் இருந்த இடத்தில் வேறொரு குடும்பம் வந்து உட்கார்ந்தது.

கொலினுக்கு மட்டும் அவள் தெரிந்தாள். அதுவே வினையானது. மாதாந்தக் கிளினிக்கில் புதிய டொக்டர், "யாரோட வந்தீங்க?" என்று கேட்டார்.

"அக்காவோட. இந்தா, பக்கத்திலதான் இரிக்கா."

டொக்டர் வெறும் கதிரையை இரக்கத்தோடு பார்த்துவிட்டுக் குளிசையைக் கூட்டி எழுதினார். அடுத்த மாதமும் கூட்டினார். நோறா அவர் காதருகே குனிந்து, "நான் இரிக்கன்!" என்று கத்தினாள். மேசையிலிருந்த தாள்கள் அசைந்தன. டொக்டர் மின்விசிறியைக் குறைத்தார்.

நான்காம் மாதம், கூடிய குளிசையால் கொலினின் தாடை இறுகி, எச்சில் வழிந்தது. வலக்கை நடுங்கிக் கரண்டி பிடிக்க முடியவில்லை. "தனியத்தான் வந்தன் எண்டு சொல்லுடா" என்று நோறா கெஞ்சினாள்.

"மாட்டன் அக்கா. நீயும் பொய்யெண்டா எனக்கு மிச்சம் ஆரு?"

அன்று பஸ்ஸில் வரும்போது, இவன் செத்தால் நல்லது என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்போடு ஒரு மாதம் அவனுக்குச் சோறு ஊட்டினாள்.

ஐந்தாம் மாதம் கொலின் கிளினிக் வாசலிலேயே விழுந்தான். ஓடிவந்த தாதி ரிப்கா அவனைத் தூக்கிக் கிடத்திவிட்டு, நோறாவிடம் தண்ணீரை நீட்டினாள். "இரிங்க அக்கா. நீங்க எப்ப சாப்பிட்ட?" ரிப்காவின் உம்மாவுக்கும் பத்தொன்பது வருடங்களாகக் காதுக்குள் ஆட்கள் பேசும் அதே வருத்தம். அதனால் இப்படி மறைந்துபோனவர்கள் எல்லாரும் அவள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். கடைசியாகச் சாப்பிட்டது எப்போதென்று நோறாவுக்கு ஞாபகமில்லை. அழுகைதான் வந்தது.

ரிப்கா அவளை டொக்டரிடம் கூட்டிப்போய், வெறும் காற்றைச் சுற்றிப் பிறசர் பட்டியைக் கட்டினாள். கருவியின் பாதரசம் நூற்றெண்பதில் நின்றது. டொக்டர் இரசத்தை நம்புகிறவர். கொலினின் குளிசையைக் குறைத்தார். நோறாவுக்கும் ஒரு மருந்துத் துண்டு எழுதினார்.

வியாழக்கிழமைகளில் கிளினிக்கின் பின்னறையில் ரிப்கா நோறாவைப் போன்ற பத்துப் பேரைக் கூட்டினாள். வெளியிலிருந்து பார்த்தால் பத்துக் கதிரைகளும் வெறுமை. உள்ளே எல்லாருக்கும் எல்லாரும் தெரிந்தார்கள். மூன்றாவது வியாழன் நோறா பஸ்ஸில் நினைத்ததைச் சொன்னாள். யாரும் திடுக்கிடவில்லை. உன்னிச்சையிலிருந்து வரும் அன்னப்பூரணி, "நான் என்ட மகனுக்கு ரெண்டு தரம் நினைச்சிட்டன், பிள்ள" என்று சொல்லி, பிளேன்டீயை அவள் பக்கம் தள்ளினாள்.

கொலினின் வலக்கை நடுக்கம் நிற்கவேயில்லை. காதுக்குள் பேசுகிறவர்களும் போகவில்லை. நோறாவின் குரல் திரும்பியது, உருவம் திரும்பவில்லை. இப்போது அந்தக் கிளினிக்குக்கு வருகிறவர்கள் காலியான வாங்கைக் கண்டால், உட்கார முதல், "ஆள் இரிக்கா?" என்று கேட்கிறார்கள். பதில் வராவிட்டால்தான் உட்காருகிறார்கள்.